ராஜம்மாவின் கண் உயரம்

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க பினாங்கில் நான் இருக்கும் பாயான் பாருவுக்கு வந்திருந்தார்கள். இருவரும் இப்போது அங்கே வீட்டு வரைபடம் வரைகிறவர்கள். கையில் ஒரு பெரிய ஃபோன், அதற்குள் ஒரு வீடு. விரலால் தள்ளினால் வாசல் கதவு திறக்கிறது. இன்னொரு தள்ளு தள்ளினால் மாடியில் நிற்கிறோம். எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

"பத்மாக்கா, நீங்க எந்த சாஃப்ட்வேர்ல ஆரம்பிச்சீங்க?" என்று சின்னவள் கேட்டாள்.

"பிளேடு" என்றேன்.

"அது எந்தக் கம்பெனிது?" என்றாள், எழுதிக்கொள்ளத் தயாராக.

சவரம் செய்கிற பிளேடுதான் என்றதும் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழுபதுகளின் நடுவில், பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு, பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுனுக்கு வந்து, ஒரு கட்டடக் கலைஞரின் மாடி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் மற்றவர்கள் பென்சிலில் வரைந்ததன்மேல் மெழுகுத்தாள் போன்ற ஒரு தாளை விரித்து மையால் நகலெடுப்பதுதான் வேலை. மை தப்பான இடத்தில் விழுந்தால் ரப்பர் உதவாது. பிளேடைச் சாய்த்துப் பிடித்து, தாள் கிழியாமல் மையை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். முதல் மாதம் நான் வரைந்த வீடுகளில் கட்டடக் கலைஞர் வைக்காத ஜன்னல்கள் பல இருந்தன. எல்லாம் பிளேடு போட்ட ஓட்டை.

நகல் எடுக்கிற இயந்திரத்தில் அம்மோனியா நெடி அடிக்கும். யாருக்காவது சளி பிடித்து மூக்கடைத்தால் அந்த அறைக்கு அனுப்பிவிடுவார்கள், இரண்டே நிமிடத்தில் திறந்துகொள்ளும். மற்றபடி அதெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கழுத்து வலிக்கும், கண் எரியும், பாவாடையில் ஏறிய மை போகவே போகாது.

அலுவலகத்தின் முதலாளி திரு. நாகலிங்கம். அவருடைய பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அவர் பிறந்தது தைப்பிங்கில்தான் என்றாலும், பேச்சு வீட்டிலிருந்து அப்படியே வந்தது. வெள்ளை முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, ஒரு பென்சில். 'தப்பு' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதேயில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து நான் போட்ட கோட்டின்மேல் வைப்பார். வெகுநேரம் பார்ப்பார்.

"பிள்ளை, இது சுவரோ, மண்புழுவோ?"

"சுவர் சார்."

"அப்ப நெளியாம இருக்கச் சொல்லும்."

எங்களை எப்போதும் 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். 'நீங்கள்' என்று அவர் மாறினால் உண்மையாகவே கோபம் என்று பொருள். 'நீங்கள் தயவுசெய்து' என்று ஆரம்பித்தால் ஆளாளுக்குக் கழிவறைப் பக்கம் போய்விடுவோம்.

படத்தை முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் உடனே கையெழுத்துப் போட மாட்டார். மேசைமேல் விரித்து, நான்கு மூலையிலும் கனமாக எதையாவது வைத்து, "நடவும்" என்பார். நான் என் சுட்டுவிரலை வரைபடத்தின் வெளிவாசலில் வைத்து வீட்டுக்குள் நடக்க வேண்டும்.

"இப்ப பசார்ல இருந்து வாறீர். ஒரு கையில மீன் பை, மற்றக் கையில குடை. மழை. கதவைத் திறவும்."

விரல் கதவைத் திறக்கும்.

"எந்தக் கையால திறந்தனீர்? சரி, குடையைக் கீழ வையும். எங்க வைக்கிறீர்? அங்க செருப்பு கிடக்கு. சரி, மீனைக் கொண்டு போம்."

விரல் கூடத்தைத் தாண்டிச் சமையலறைக்குப் போகும்.

"சாமியறை வாசலாலயோ மீன் போகுது?"

அவ்வளவுதான். படம் மறுபடி என் பலகைக்கு வந்துவிடும். இப்படி இருபது வருடத்தில் என் சுட்டுவிரல் பினாங்கு முழுக்க மீன் சுமந்திருக்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த அலுவலகத்திலிருந்து போன எந்த வீட்டிலும் சாமியறை வழியாக மீன் போனதில்லை.

எங்களுக்கு விரலால் நடக்கத் தெரியும். வீடு கட்டுகிறவர்களுக்குத் தெரியாது. அதுதான் தொல்லை. வரைபடத்தில் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று காட்ட ஒரு கால் வட்டம் போடுவோம். ஒரு டாக்டர் அதையெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு, "எதுக்கு சார் பதினோரு ஃபேன்?" என்று கேட்டார். இன்னொருவர் படிக்கட்டைப் பார்த்து, இவ்வளவு புத்தக அலமாரி தேவையில்லை, நாங்கள் அதிகம் படிக்கிறதில்லை என்றார். இவர்களாவது வாய்விட்டுக் கேட்டவர்கள். மற்றவர்கள் ஒன்றும் கேட்க மாட்டார்கள். படித்தவர் முன்னால் தெரியாது என்று சொல்ல வெட்கம். "நல்லா இருக்கு சார்" என்று தலையாட்டிக் கையெழுத்துப் போடுவார்கள். சுவர் எழும்பிய பிறகு வந்து, "இவ்வளவு சின்னதாவா இருக்கும்?" என்பார்கள்.

ராஜம்மா தலையாட்டாத ஆள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை அவரும் அவர் கணவர் முனியாண்டியும் வந்தார்கள். முனியாண்டி அண்ணன் லாரி ஓட்டுகிறவர். ராஜம்மா பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக வேலை. முடியைவிட மெல்லிய கம்பியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒட்டுகிற வேலையில் சேர்ந்து, அப்போது ஒரு வரிசைக்கே பொறுப்பாக இருந்தார். குள்ளமான, கறாரான பெண். கடலுக்கு அந்தப் பக்கம் பாகான் டாலாமில் ஒரு சின்ன நிலம், அதில் மாடி வைத்த ஒரு வீடு. அவ்வளவுதான் கேட்டார்கள்.

சார் அக்கறையாகத்தான் திட்டம் போட்டார். நான் வரைந்தேன். என் விரல் மீனோடு நடந்தது. எல்லாம் சரி. ராஜம்மாவின் முன் படத்தை விரித்து, இது கூடம், இது சமையலறை என்று சார் விளக்கினார். முனியாண்டி அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். சார் பேனாவைத் திறந்து நீட்டினார்.

"போட மாட்டேன் சார்" என்றார் ராஜம்மா.

"என்ன, பிடிக்கேல்லையோ?"

"பிடிக்குதா பிடிக்கலையான்னே தெரியலையே சார். எனக்கு இது புரியல. புரியாத காகிதத்துல நான் கையெழுத்து போடுறதில்ல."

முனியாண்டி அண்ணன், "சார் பெரிய ஆளு லா, சும்மா போடு" என்று முணுமுணுத்தார். அந்த அம்மாள் அசையவில்லை. பிறகு, எதற்காகவோ என்னைப் பார்த்துச் சொன்னார்: "எங்கப்பா ரப்பர் தோட்டத்துல வேலை செஞ்சாரு. ஒரு நாள் ஆபீஸ்ல ஒரு காகிதம் நீட்டுனாங்க. எல்லாரும் போடுறாங்கன்னு அவரும் கைநாட்டு வச்சுட்டாரு. அது குவார்ட்டர்ஸ காலி பண்றதுக்கு சம்மதம்னு எழுதுன காகிதம். ஒரு மாசத்துல நாங்க அஞ்சு பேரும் ரோட்டுக்கு வந்துட்டோம்."

சார் பேனாவை மூடிவிட்டார்.

அடுத்த இரண்டு வாரம் உட்கார்ந்து அட்டையில் அந்த வீட்டைச் செய்தேன். கூரையைத் தூக்கினால் உள்ளே அறைகள் தெரியும். குட்டிப் படிக்கட்டுகூட வைத்தேன். எனக்கே அதைவிட்டுப் பிரிய மனமில்லை. ராஜம்மா வந்து நின்று, மேலே இருந்து வெகுநேரம் பார்த்தார்.

"அழகா இருக்கு பத்மா. ஆனா இது காக்கா பாக்குற வீடு. நான் பாக்குற வீடு எங்க?"

அவர் போன பிறகு சார் அறைக்குள் கொஞ்ச நேரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். இன்னொரு அலுவலகமாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள் என்று அனுப்பியிருப்பார்கள். சாருக்கும் அந்த யோசனை வந்திருக்கும். ஆனால் கடைசியில் வெளியே வந்து, "உதுக்கு இப்ப கம்ப்யூட்டரில ஏதோ இருக்காம். வீட்டுக்குள்ள நிண்டு பாக்கலாமாம். விசாரியும். கரைச்சல் இல்லாததாப் பாரும். புதுசாத் தொடங்கிறவைக்கு லேசா இருக்க வேணும்" என்றார்.

"யாருக்கு லேசா இருக்கணும் சார்?"

"உமக்குத்தான். வேற ஆருக்கு?" என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

அலுவலகத்தில் அப்போது ஒரே ஒரு கம்ப்யூட்டர். கடிதம் அடிக்க வைத்திருந்தோம். பூப்போட்ட துணியால் மூடி, மாலையில் விளக்கேற்றாத குறையாகப் பார்த்துக்கொண்டோம். மற்ற பெரிய அலுவலகங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் வரையத் தொடங்கிவிட்டன என்று தெரியும். தெரியாத மாதிரி இருந்தோம்.

முதலில் கிடைத்தது சாருக்குத் தெரிந்த ஒரு எஞ்சினியர் கொடுத்தது. பெரிய பாலம், கட்டடம் எல்லாம் அதில்தான் வரைவார்களாம். திறந்தால் கறுப்புத் திரை. கீழே ஒரு கோடு மட்டும் கண்ணடித்துக்கொண்டிருக்கும். எதைச் செய்யவும் ஆங்கிலத்தில் கட்டளை எழுத வேண்டும். அதன் விளக்கப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடிமன். ஒரு வாரம் போராடி நான்கு சுவரை எழுப்பினேன். சார் வந்து பார்த்தார்.

"வடிவான பெட்டி. கதவு?"

"அடுத்த வாரம் சார்."

"அதுவரைக்கும் உள்ளுக்குள்ள இருக்கிறவை என்ன செய்யிறது?"

அதை மூடி வைத்துவிட்டு, கடைகள் நிறைந்த கொம்தார் கட்டடத்துக்குப் போனேன். அங்கே மேல்மாடியில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடை. ஒரு சீனப் பெண் இருந்தாள். என்ன கேட்டாலும் "செனாங் லா, அன்ட்டி" என்பாள். சுலபம்தான், கவலைப்படாதே என்று அர்த்தம். அவள் கொடுத்தது உண்மையிலேயே சுலபம். சுலபமென்றால் அப்படிச் சுலபம். கட்டில், தலையணை, பூந்தொட்டி எல்லாம் படமாக இருக்கும், பிடித்து இழுத்துப் போட வேண்டியதுதான். நான் குளியல்தொட்டி ஒன்றைப் பிடித்து இழுத்தேன். கை தவறி அது கூரைமேல் விழுந்தது. மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூரையில் தொட்டியோடு வீட்டை அழகாகக் காட்டியது.

சார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "குளிக்கேக்க நல்ல காத்து வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுபடி கடைக்குப் போனபோது அந்தப் பெண், "அன்ட்டி, உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கே அது விளங்கியது. இதுவரை நான் சுலபமானது வேண்டும் என்று மட்டும்தான் கேட்டிருந்தேன். எதைச் சுலபமாகச் செய்ய வேண்டும் என்று சொல்லவேயில்லை. சுவரைக் கையால் போட வேண்டும், போட்ட உடனே உள்ளே நின்று பார்க்க வேண்டும், தப்பாகப் போனால் பிளேடு எடுக்காமல் பழையபடி ஆக்க முடிய வேண்டும் என்றேன். பிளேடு எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் இரக்கப்பட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொள் என்றாள். ஒரு வாரம் ஒரு கையில் ரொட்டியும் இன்னொரு கையில் மௌஸுமாக அங்கேயே கிடந்தேன்.

வெள்ளிக்கிழமை கிடைத்தது. அட்டைப் பெட்டியின்மேல் பனி மூடிய ஒரு வீடு. அமெரிக்காக்காரர்களுக்காகச் செய்தது. எல்லா வீட்டுக்கும் குளிர்காய அடுப்பு வைக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பின்பக்கம் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற சமையல்கட்டு என்றால் அதற்குத் தெரியாது. சாமியறையும் தெரியாது. துணி அலமாரி என்று சொல்லித்தான் அதை ஏமாற்ற வேண்டும். ஆனால் அதில் ஒரு குட்டி கேமரா படம் இருந்தது. அதை வரைபடத்தில் எங்கே வைத்தாலும், அந்த இடத்தில் நின்றால் கண்ணுக்கு என்ன தெரியுமோ அதைத் திரையில் வரைந்து காட்டும்.

ராஜம்மா வீட்டு அளவுகளைக் கொடுத்துச் சுவர்களைப் போட்டேன். கேமராவை வாசலில் வைத்து அழுத்தினேன். அந்தக் கால கம்ப்யூட்டர், அவசரப்படாது. முதலில் தரை வந்தது. பிறகு இடது சுவர். பிறகு தூரத்தில் ஒரு கதவு, அதற்கும் அப்பால் ஒரு ஜன்னல், ஜன்னலில் நீலமாகக் கொஞ்சம் வானம். இருபது வருடமாக நான் வீடுகளை வரைகிறேன். எழும்பாத ஒரு வீட்டுக்குள் நான் நின்றது அன்றுதான். ரொட்டியை மறந்துவிட்டேன். அந்தப் பெண் எட்டிப் பார்த்து, "செனாங், தானே?" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை ராஜம்மாவையும் முனியாண்டி அண்ணனையும் வரச் சொன்னோம். சார் தானே காட்ட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார். மௌஸைக் கையில் தூக்கி, தொலைக்காட்சிக்கு ரிமோட் நீட்டுவதைப்போல திரையைப் பார்த்து நீட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோய் நீட்டினார்.

ராஜம்மா கொஞ்ச நேரம் பொறுத்தார். "சார், அது மேசையிலயே இருக்கணும் லா. நான் ஒரு தடவை பாக்கட்டா?"

அவர் உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் நான் சொல்லிக் கொடுத்தேன். ஆறாவது நிமிடம் நான் எட்ட நின்றுகொண்டேன். பதினெட்டு வருடம் திரையையும் மைக்ராஸ்கோப்பையும் பார்த்த கண், முடி அளவு நகர்த்திப் பழகிய கை. கேமராவை வாசலில் வைத்தார், கூடத்தில் வைத்தார், மாடிக்குக் கொண்டுபோனார். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு லேசாக இருக்க வேண்டும் என்று சார் சொன்னது யாரை நினைத்தோ, அந்த அறையில் புதிதாகத் தொடங்கியவர்கள் நானும் அவரும்தான்.

சமையலறைக்கு வந்ததும் ராஜம்மா திடீரென்று நிறுத்தினார். "என்ன பத்மா, எல்லாம் கீழ தெரியுது? நான் என்ன ஸ்டூல் மேல ஏறியா நிக்கிறேன்?"

நான் குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. சமையல் மேடையின் மேற்பரப்பு தாழ்வாக, எட்டிப் பார்ப்பதுபோல் தெரிந்தது. பட்டியல் பட்டியலாகத் தேடி, கடைசியில் ஒரு மூலையில் கண் உயரம் என்று ஒரு எண்ணைக் கண்டுபிடித்தேன். பெட்டியில் இருந்த பனி வீட்டில் யாரோ நெட்டையான ஓர் ஆள் குடியிருந்தார் போல, அவருடைய உயரத்துக்கு வைத்திருந்தார்கள். ராஜம்மாவைச் சுவரோடு நிற்கவைத்துக் கண் வரைக்கும் அளந்தேன். நான்கடி ஆறு இஞ்ச். அதை எழுதி, கேமராவை அடுப்புக்கு முன்னால் வைத்து அழுத்தினேன்.

வீடு மெதுவாக மறுபடி வரைந்துகொண்டது. அதே வீடுதான், ஆனால் எல்லாம் எழும்பி நின்றது. ஜன்னலின் அடிச்சட்டம் ராஜம்மாவின் மூக்குக்கு வந்தது. அவர் கேமராவைக் கூடத்துப் பக்கம் திருப்பினார். தரை வந்தது. பிறகு ஒரு சுவர். திரை முழுக்கச் சுவர்.

"கலா எங்க?" என்றார்.

யாரைக் கேட்கிறார் என்று எங்களுக்குப் புரியவில்லை. முனியாண்டி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"எம் பொண்ணு. பதிமூணு வயசு. அவளுக்கு வலிப்பு வரும் சார். எப்ப வரும்னு சொல்ல முடியாது. சத்தம் போட மாட்டா, அப்படியே சாஞ்சிருவா. இப்ப இருக்குற வாடகை வீட்டுல சுவரே கெடையாது, ஒரே ரூம். நான் சோறு ஆக்கிக்கிட்டே அவளப் பாத்துக்கிட்டு இருப்பேன்." திரையைத் தொட்டுக் காட்டினார். "இந்த வீட்டுல அடுப்பு முன்னால நின்னா எனக்கு அவ தெரிய மாட்டா."

சாரின் முகம் இறுகிவிட்டது. "நீங்கள் இதை என்னட்டச் சொல்லேல்லையே" என்றார். வீடு கட்ட வந்தவரிடம் 'நீங்கள்' என்பது வழக்கம்தான், ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டதும் என் கண் தானாகக் கழிவறைப் பக்கம் போயிற்று.

"நீங்க கேக்கலையே சார்" என்றார் ராஜம்மா. குரலில் கோபமில்லை. "எத்தன ரூமுன்னு கேட்டீங்க, சொன்னேன். எத்தன பாத்ரூமுன்னு கேட்டீங்க, சொன்னேன். பொண்ணுக்கு இப்படின்னு நாங்க வெளிய யாருகிட்டயும் சொல்றதில்ல. வீட்டுப் படம் போடுறவர்கிட்ட எதுக்கு சொல்லணும்னு இருந்துட்டேன். இந்தச் சுவர் இப்படி மறைக்கும்னு எனக்கு அந்தக் காகிதத்துல தெரியலையே."

சார் திரையில் இருந்த அந்தச் சுவரின் பக்கம் திரும்பினார். அது அவர் ஆசையாகப் போட்ட சுவர். விருந்தாளிக்குச் சமையலறை தெரியக்கூடாது என்று அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. என் விரல் எத்தனையோ முறை அந்தச் சுவரைச் சுற்றி மீனோடு போயிருக்கிறது. அடுப்பு முன்னால் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றியதில்லை.

பிறகு மௌஸை மறுபடி கையில் தூக்கிக்கொண்டு கேட்டார்: "பிள்ளை, உந்தச் சுவரை எடுக்கிறது எப்பிடி?"

"சார், மொதல்ல மௌஸ மேசையில வைங்க" என்றேன். அவர் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

கம்ப்யூட்டரில் சுவரை எடுக்க ஒரு நொடி போதும். மேலே மாடியைத் தாங்குவது அந்தச் சுவர்தான் என்பது மென்பொருளுக்குத் தெரியாது. சாருக்குத் தெரியும். பென்சிலையும் தாளையும் எடுத்து உட்கார்ந்து, உத்திரம் ஒன்று கணக்குப் போட்டார். நடுவில் ஒரு தூண் வரும் என்றார். தூணை நான் திரையில் வைத்தேன். ராஜம்மா அடுப்பு முன்னால் போய் நின்று பார்த்தார்.

"தூணுக்குப் பின்னால அவ ஒக்காந்துட்டா?"

சார் மறுபடி கணக்குப் போட்டார். தூண் போயிற்று, உத்திரம் தடித்தது. அடுப்பிலிருந்து சரி. பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து? துணி காயப்போடப் பின்வாசலுக்குப் போனால்? ஒவ்வொரு இடத்திலும் கேமராவை வைத்து, நான்கடி ஆறு இஞ்சிலிருந்து பார்த்தார். பின்வாசல் இரண்டு முறை இடம் மாறியது. மாடிப்படி திரும்பிக்கொண்டது. இப்படி மூன்று சனிக்கிழமை. இருபது வருடத்தில் சார் யாருக்காகவும் அத்தனை முறை படத்தை மாற்றியதில்லை. மாற்றும்போதெல்லாம், "இந்த அம்மா இஞ்ச வந்து வேலைக்குச் சேந்தா உமக்குக் கஷ்டம்" என்று என்னிடம் சொல்வார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

கடைசிச் சனிக்கிழமை சார் வரைபடத்தை விரித்துப் பேனாவை நீட்டினார். ராஜம்மா அதை விட்டுவிட்டு, அடுப்பு முன்னால் நின்று பார்த்த காட்சியை நான் பிரின்ட் எடுத்து வைத்திருந்தேனே, அதை எடுத்து அதன் அடியில் கையெழுத்துப் போட்டார்.

"அம்மா, உதில போட்டா செல்லாது" என்றார் சார்.

"தெரியும் சார். ஆனா இதுதான் எனக்குப் புரியுது. இதுல மொதல்ல போட்டுட்டேன். இப்ப அதையும் குடுங்க, போடுறேன்."

அடுத்த வருடம் வீடு எழும்பி, பால் காய்ச்ச எங்களைக் கூப்பிட்டார்கள். காலையில் சாரின் பழைய காரில் கடல் பாலத்தைத் தாண்டிப் போனோம். சார் வேட்டியில் வந்திருந்தார். அவரை வேட்டியில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, ஏதோ கட்டடத்தில் கூரையை எடுத்துவிட்டதுபோல் இருந்தது. சொல்லவில்லை.

கூடம் நிறைய ஆட்கள். தொழிற்சாலைப் பெண்கள் ஒரு பக்கம், முனியாண்டி அண்ணனின் லாரி நண்பர்கள் ஒரு பக்கம். கலா பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு ஜன்னலோரம் சோபாவில் ஒரு தாம்பாளத்தோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் அம்மா மாதிரி. ராஜம்மா புதுப்பானையில் பாலை வைத்து அடுப்பு முன்னால் நின்றார். எல்லாரும் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ராஜம்மா மட்டும் பானையைப் பார்க்கவில்லை. திடீரென்று கரண்டியை வைத்துவிட்டு நடந்தார். ஓடவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து, சுவர் இருந்திருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி, நேராக சோபாவுக்குப் போனார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு கையில் தாம்பாளத்தையும் இன்னொரு கையில் மகளையும் தாங்கியிருந்தார். தாம்பாளம் விழவில்லை. கலாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தன் முதுகு கூட்டத்தை மறைக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பால் பொங்கியது. "பொங்கிருச்சு! பொங்கிருச்சு!" என்று பெண்கள் கத்தினார்கள். ஆளாளுக்குச் சமையலறைப் பக்கம் முண்டினார்கள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்க, மூன்று நிமிடம் ஜன்னலோரத்தில் ஒரு பெண்ணுக்கு என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாமலேயே போயிற்று. முனியாண்டி அண்ணனுக்கும், எனக்கும், சாருக்கும் மட்டும் தெரியும்.

கலா கண் விழித்து, பாவாடையைச் சரிசெய்துகொண்டு எழுந்து உட்கார்ந்ததும், ராஜம்மா சமையலறைக்கு வந்தார். பால் மேடையெல்லாம் வழிந்து தரையிலும் ஓடியிருந்தது. துணியை எடுத்து மேடையைத் துடைத்தார். பாதி துடைத்ததும் நிறுத்தி, மேடையின் விளிம்பில் முழங்கையை வைத்துப் பார்த்தார்.

"சார், இது ஒரு இஞ்ச் ஒசரமா இருக்கு. கம்ப்யூட்டர்ல சரியாத்தான் இருந்துச்சு."

"இருக்காதம்மா" என்றார் சார்.

"வந்து பாருங்க."

சார் இடுப்பிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். வேட்டியில் வந்தாலும் அதை விட்டுவிட்டு வரவில்லை. பால் சிந்திய தரையில், வெள்ளை வேட்டியோடு, மண்டியிட்டு உட்கார்ந்து, கீழேயிருந்து மேலே அளந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு இன்னொரு முறை அளந்தார்.

"ஒண்டே கால் இஞ்ச்" என்றார்.